முப்பத்தொன்று

சோஹார் துறைமுகச் சாலையில் டயர்க் கடைக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
பதினான்கு கேம்ப்களிலிருந்து மாதாமாதம் பதினான்கு எக்செல் வரும்.
பாபுராஜ் வெள்ளிக்கிழமைகளுக்கு ரோஸ் அடிப்பார்,
வெல்டர்களுக்குத் தனி மஞ்சள்,
லீவில் போனவன் பெயர்மேல் சாம்பல் கோடு.
என் ஸ்கிரிப்ட் நிறம் படிக்காது.

ஆள் ஒரு வரிசை, நாள் ஒரு காலம்.
எக்செல்காரர்கள் வாயில் காலம் என்றால் செங்குத்துக் கட்டம்;
என் வாயில் இரண்டும்தான்.
பங்க் கட்டிலில் நீட்டிப் படுத்த மாதிரி
இடமிருந்து வலமாக ஒரு மாதம் முழுக்க ஒருவன்.
அவனை எழுப்பி நிறுத்துவது என் வேலை:
பெயர், தேதி, ஓவர்டைம் மணி.
பெயர், அடுத்த தேதி, மணி.
மீண்டும் அதே பெயர்.
கிடந்த அட்டவணை இப்படித்தான் எழுந்து நிற்கும்,
ஒல்லியாக, நெடுநெடுவென்று.

எழுப்புவது ஒரு லூப்.
கேம்ப் ஒன்றிலிருந்து பதினான்கு வரை;
அதன் வயிற்றுக்குள் இன்னொன்று,
நாள் ஒன்றிலிருந்து முப்பது வரை.

முப்பது.

எட்டு மாதமாக நானும் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஜெயசீலன் எழுதியது.
ஆள் இப்போது வின்னிபெக்கில், பனியில் நின்று படம் போடுகிறான்.
கெட்ட எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை.
ஏதோ ஒரு ஜூனில் எழுதியிருப்பான்.
கணக்கு சரியாக வந்திருக்கும், அறைக்குப் போயிருப்பான்.

அப்புறம் மூன்று வருடம்
முப்பத்தொன்றாம் தேதிகளில் யாருமே கூடுதலாக உழைக்கவில்லை.
இருபத்தொரு நாட்கள்
கிரேன் தானே தூக்கியது,
கான்கிரீட் தானே குழைந்து தானே ஊற்றிக்கொண்டது.

கேட்டிருக்கிறார்கள்.
எச்.ஆர். அலமாரியில் கடிதங்கள் இருந்தன,
வங்காளத்தில், இந்தியில்; நுணுக்கி எழுதிய தமிழில் ஒன்று:
ஐயா, கடைசி நாள் காசு வரவில்லை, மூன்றாம் முறை எழுதுகிறேன்.
எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரே பதில்,
சிஸ்டத்தில் இல்லை.

சிஸ்டம் நான்தான்.
இரவு பதினொன்றரைக்கு, ஆறிப்போன சுலைமானியோடு.

பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டேன்.
மூன்று வருடத்தையும் முதலிலிருந்து ஓட்டினேன்.
கீழே ஃபுஜைராவுக்குப் போகும் லாரி ஒன்று
ரிவர்ஸில் கத்திக்கொண்டே இருந்தது.
காலையில் ஹிலால் டேஷ்போர்டைத் திறந்ததும் கேட்பார்,
இந்தத் தூண்கள் ஏன் திடீரென்று உயர்ந்தன என்று.
பதில் எதுவும் தயார் செய்யவில்லை.
கடிதங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன்.

எல்லாம் ஓடி முடிந்து, ஒரே ஒரு வரி பிழையில் நின்றது.
கேம்ப் ஒன்பது. ரஃபீக் மொண்டல், சாரம் கட்டுபவர்.
பிப்ரவரி முப்பத்தொன்று: நான்கு மணி நேரம்.

தேதியாக மாற்ற மறுத்தது மென்பொருள். நியாயம்தான்.
பாபுராஜுக்குப் போன் போட்டேன்.
தூக்கம் கலையாமலே யோசித்தார்.
"இருபத்தெட்டு ராத்திரி, மேடம். பம்ப் கேடாயி,
நேரம் வெளுக்கிற வரைக்கும் அவன் மேலேயே நின்னான்.
அன்னிக்குக் கட்டத்தில ஏற்கெனவே எழுதியாச்சு.
கடைசியில ஒரு கட்டம் காலியா உண்டாயிருந்து.
அதுல போட்டேன்."

செல்லாத தேதிகளைத் தள்ளிவிடு என்று
அரை வரி எழுதினால் போதும், சுத்தமாக ஓடும்.
எழுதிவிட்டேன்கூட. கர்சர் அதன் முனையில் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அழித்தேன்.
அந்த நான்கை இருபத்தெட்டின்மேல் கூட்டினேன்,
லூப்புக்கு வெளியே,
ஒரே ஆளுக்காக ஒரு தனி வரி.
பக்கத்தில் ஒரு குறிப்பு, எனக்கு அடுத்து வருகிறவருக்கு:

இதை நீக்க வேண்டாம்.
சந்தேகம் இருந்தால் பாபுராஜைக் கேட்கவும்,
கேம்ப் ஒன்பது, எக்ஸ்டென்ஷன் நானூற்றுப் பதினேழு.
லேட்டாகத்தான் எடுப்பார்.